ஃபயர்வாலை அணைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் கணினி கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், வீட்டில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு இடையே ஃபைல் பகிர முடியவில்லை என்று கேட்டிருந்தார். ஃபயர்வாலை (வெளியிலிருந்து வரும் தேவையற்ற இணைப்புகளைத் தடுக்கும் பாதுகாப்பை) அணையுங்கள், எஸ்எம்பி 1-ஐ (கம்ப்யூட்டர்கள் ஃபைல் பகிரும் பழைய முறையை) இயக்குங்கள், பாஸ்வேர்டு கேட்பதை நிறுத்துங்கள், ஃபோல்டரை 'எவ்ரிஒன்', அதாவது எல்லோருக்கும், என்று போட்டுத் திறந்துவிடுங்கள் என்று நான்கு வரியில் பதில் வந்திருந்தது. இதே நான்கையும் இரண்டு மாதங்களுக்கு முன் என் வீட்டில் ஒருவர் செய்துவிட்டுப் போனார். ஃபைல் வரவில்லை. வராதது மட்டுமல்ல, அவர் செய்ததில் ஒன்றே புதிய தடையாகவும் ஆகிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஈரோட்டில் வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதுகிறேன். பதினான்கு கடைகள். பெரும்பாலும் ஜவுளி, இரண்டு மஞ்சள் மண்டி. கீழே ஹாலில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பில்தான் எல்லாக் கடைகளின் டேலி கணக்கும், பில் ஸ்கேன்களும், பேங்க் ஸ்டேட்மென்ட்டும் இருக்கின்றன. என் மருமகளும் கணக்குப் படித்தவள். மாடியில் குழந்தையைப் பார்த்துக்கொண்டே தன் லேப்டாப்பில் அதே ஃபோல்டரைத் திறந்து பில்களைப் பதிவு செய்வாள். மூன்று வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாட்களான 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் எப்படிப்பட்ட நாட்கள் என்று. 20-ஆம் தேதி போட வேண்டிய ஜிஎஸ்டிஆர்-3பி படிவம் ஒரு நாள் தாமதமானாலும் 50 ரூபாய் தாமதக் கட்டணம், வியாபாரமே இல்லாத மாதமென்றால் 20 ரூபாய். தொகை பெரிதில்லை. ஆனால் "அக்கா, நீங்க பார்த்துக்குவீங்கன்னு விட்டுட்டேன்" என்று கடைக்காரர் சொல்லும்போது பதில் சொல்ல முடியாது.

மாடியில் வைஃபை சரியாக வராது. கான்கிரீட் தளம். அதனால் 16-ஆம் தேதி இன்டர்நெட் கம்பெனியிலிருந்து வந்த பையன் மாடியில் இன்னொரு ரௌட்டர் வைத்து, கீழிருந்து ஒரு மஞ்சள் கேபிள் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். இன்டர்நெட் நன்றாக வந்தது. குழந்தைக்குக் கார்ட்டூன் தடங்கல் இல்லாமல் ஓடியது. ஆனால் கீழே இருக்கும் டெஸ்க்டாப் மட்டும் லேப்டாப்பில் காணவில்லை. 'நெட்வொர்க் பாத் கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற ஒரே செய்திதான், எத்தனை முறை முயன்றாலும்.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்ன மாறியது, எப்போது நின்றது என்று கேட்டிருந்தால் மாடி ரௌட்டரைப் பற்றி முதல் வாக்கியத்திலேயே சொல்லியிருப்பேன். நேராக உட்கார்ந்தார். தாங்கள் வெளியிட்ட அந்த நான்கையும் வரிசையாகச் செய்தார். லேப்டாப்பில் சேமித்து வைத்திருந்த பழைய பாஸ்வேர்டையும் அழித்தார். அப்புறம் "டெஸ்க்டாப் பழசுங்க, மாத்திடுங்க" என்று சொல்லி 800 ரூபாய் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

அன்று இரவு கோயம்புத்தூரில் நெட்வொர்க் வேலை பார்க்கும் என் அண்ணன் மகனுக்குப் போன் செய்தேன். அவன் முதலில் கேட்டது ஒன்றுதான்: "ரெண்டு மெஷினுக்கும் நம்பர் என்ன வருதுங்க அத்தை?" நெட்வொர்க்கில் ஒவ்வொரு மெஷினுக்கும் கிடைக்கும் முகவரி எண்ணைத்தான் கேட்டான். கட்டளை அடிக்கும் கருப்புத் திரையைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று அடிக்கச் சொன்னான். டெஸ்க்டாப்பில் வந்ததை நோட்டில் எழுதினேன்: 192.168.1.5. மாடிக்குப் போய் லேப்டாப்பில் பார்த்தேன்: 192.168.0.104. இரண்டையும் படித்துக் காட்டினேன்.

"மூணாவது நம்பரைப் பாருங்க. ஒண்ணுல ஒண்ணு, இன்னொண்ணுல பூஜ்யம். ஒரே வீடு, ஆனா ரெண்டு நெட்வொர்க்."

அப்போதுதான் விளங்கியது. மாடி ரௌட்டர் தனக்குக் கீழே தனியாக ஒரு நெட்வொர்க்கை உண்டாக்கி வைத்திருந்தது. லேப்டாப் அதற்குள் இருந்தது. வீட்டு ரௌட்டர்களில் வழக்கமாக இந்த முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால்தான் இரண்டு கம்ப்யூட்டர்களும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதாகப் பொருள். இன்டர்நெட்டுக்கு இந்த வேறுபாடு தடையில்லை, இரண்டு பெட்டிகளையும் தாண்டி வெளியே போய்விடும். ஆனால் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைப் பெயர் சொல்லித் தேடுவது தன் நெட்வொர்க்குக்குள் மட்டும்தான். எங்கள் லேப்டாப்பில் டெஸ்க்டாப்பின் பெயரைத்தான் போட்டு வைத்திருந்தோம். அண்ணன் மகன் சொன்னபடி பெயருக்குப் பதிலாக எண்ணை வைத்து 'பிங்' அடித்துப் பார்த்தேன், அதாவது டெஸ்க்டாப் பதில் சொல்கிறதா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். நான்கு வரி பதில் உடனே வந்தது. அதாவது கேபிள் சரி, டெஸ்க்டாப் சரி, வழியும் இருக்கிறது. அந்த நான்கு வரியைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. கீழிருந்து மேலே இருக்கும் லேப்டாப்பைக் கூப்பிட்டால் மட்டும் பதிலே இல்லை. மாடி ரௌட்டர் அதை மறித்துவிடும் என்றான்.

தீர்வு மாடியில்தான் இருந்தது. ரௌட்டரின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருந்த முகவரியை வைத்து அதன் பக்கத்தைத் திறந்தோம். அதன் எண்ணை 192.168.1.2 என்று மாற்றினோம். மற்ற கருவிகளுக்கு எண் வழங்கும் வேலையை, அதாவது டிஎச்சிபியை, அதில் நிறுத்தினோம். அந்த வேலையைக் கீழே இருக்கும் பெட்டி மட்டும் செய்தால் போதும். பிறகு மஞ்சள் கேபிளை 'வான்' (WAN, வெளி இணைப்புக்கானது) என்று எழுதிய துளையிலிருந்து பிடுங்கி, பக்கத்திலேயே இருந்த 'லேன்' (LAN, வீட்டுக்குள் இணைப்பதற்கானது) துளையில் செருகினோம். சில ரௌட்டர்களில் 'ஆக்சஸ் பாயின்ட்' என்ற ஒரே தேர்விலேயே இதெல்லாம் முடிந்துவிடுமாம், எங்களுடையதில் அது இல்லை. லேப்டாப்பை வைஃபையில் மறுபடி இணைத்தேன். 192.168.1.9 என்று வந்தது. அந்த ரிப்பேர்காரர் தொட்ட நான்கில் எதற்கும் இதில் சம்பந்தமே இல்லை.

ஆனால் அதோடு முடியவில்லை. இரண்டாவது விஷயம், மாடி வைஃபை லேப்டாப்புக்குப் புதிது என்பதால் விண்டோஸ் அதை 'பப்ளிக்' என்று எடுத்துக்கொண்டிருந்தது. ரயில்வே ஸ்டேஷன், டீக்கடை வைஃபைக்கு உரிய வகை அது. அந்த வகையில் மற்ற கம்ப்யூட்டர்களைத் தேடவும் செய்யாது, தன்னைக் காட்டிக்கொள்ளவும் செய்யாது. செட்டிங்ஸில் அந்த வைஃபையின் விவரத்துக்குள் போய் 'பிரைவேட்' என்று மாற்றினோம். டெஸ்க்டாப்பின் பெயர் வந்துவிட்டது.

பெயரைத் தொட்டால் உள்ளே விடவில்லை. இந்த முறை வேறு செய்தி: அடையாளம் சொல்லாத விருந்தினராக நுழைவதைப் பாதுகாப்பு விதி தடுக்கிறது என்று. இதைத்தான் தாங்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மருமகளின் லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் 11 ப்ரோ, 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு. அதில் பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் நுழைவு இயல்பாகவே மூடப்பட்டிருக்கிறது. காரணம் நியாயமானது. எதிரில் இருப்பது உண்மையிலேயே நம் கம்ப்யூட்டர்தானா என்று பார்க்காமல் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. ரிப்பேர்காரர் டெஸ்க்டாப்பில் பாஸ்வேர்டு கேட்பதை நிறுத்தி, லேப்டாப்பில் இருந்த பழைய பாஸ்வேர்டையும் அழித்ததால், டெஸ்க்டாப் எங்களை விருந்தினராக உள்ளே அழைத்தது. லேப்டாப் அப்படிப் போக மாட்டேன் என்று நின்றுகொண்டது. எளிதாகட்டும் என்று அவர் கழற்றிய பூட்டே எங்களை வெளியே நிறுத்தியது. தங்கள் வாசகரிடமும் இதே பதிப்பு உள்ள லேப்டாப் இருந்தால் அவருக்கும் இதேதான் நடக்கலாம்.

பின்னோக்கிப் போய் ஒவ்வொன்றையும் திருப்பி வைத்தோம். ஃபயர்வாலை இரண்டு கம்ப்யூட்டர்களிலும் மறுபடி இயக்கினோம். பாஸ்வேர்டு பாதுகாப்பை மீண்டும் போட்டோம். டெஸ்க்டாப்பில் 'கணக்கு' என்று தனியாக ஒரு லோக்கல் யூசரை உருவாக்கி நல்ல பாஸ்வேர்டு கொடுத்தோம். இதற்கு ஒரு காரணம் உண்டு. நான் டெஸ்க்டாப்பைத் திறப்பது நான்கு இலக்க பின் நம்பரை வைத்து. அந்த நம்பர் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும்தான் செல்லும், நெட்வொர்க் வழியாக வந்தால் செல்லாது. பாஸ்வேர்டே வைக்காத யூசராக வந்தாலும் விண்டோஸ் வெளியிலிருந்து உள்ளே விடாது. எத்தனை பேர் சரியான பின்னை அடித்து அடித்துச் சலித்துப் போயிருப்பார்களோ தெரியாது, நானே முன்பு ஒரு முறை அரை மணி நேரம் அடித்திருக்கிறேன்.

ஃபோல்டரில் 'எவ்ரிஒன்' என்பதை நீக்கி 'கணக்கு' யூசரைச் சேர்த்தோம். இதை இரண்டு இடத்தில் செய்ய வேண்டும்: ஷேரிங் பக்கத்தில் ஒன்று, செக்யூரிட்டி பக்கத்தில் ஒன்று. இரண்டில் எது கட்டுப்பாடு அதிகமோ அதுதான் நெட்வொர்க்கில் வருபவருக்குப் பொருந்தும். ஒன்றில் கொடுத்து மற்றதில் விட்டுவிட்டால், ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியும், திறக்க முயன்றால் 'அனுமதி இல்லை' என்று வரும். லேப்டாப்பில் ஒரு முறை பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நினைவில் வைக்கச் சொன்னோம். இரவு பதினொன்றே காலுக்கு மருமகள் மாடியிலிருந்து "வந்துடுச்சுங்க அத்தை" என்று குரல் கொடுத்தாள். 20-ஆம் தேதிக்கு இரண்டு நாள் முன்பே பதினான்கு கடைக்கும் முடித்துவிட்டோம்.

எஸ்எம்பி 1 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது மிகப் பழைய முறை. விண்டோஸ் எக்ஸ்பி மாதிரி மிகப் பழைய கருவிக்கு மட்டும்தான் தேவை. விஸ்டாவிலிருந்து வந்த எல்லா விண்டோஸும் அதைவிடப் புதிய முறையில் பேசக்கூடியவை. 2017 மே மாதம் 'வானாக்ரை' என்ற வைரஸ் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டதும், பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளில் வேலை தடைபட்டதும் இந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாமல் விட்ட கம்ப்யூட்டர்கள்தான் மாட்டிக்கொண்டன. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1-ஐப் படிப்படியாக விலக்கத் தொடங்கிவிட்டார்கள். அதைத் தேடிப்பிடித்து இயக்கச் சொல்வது சரியா?

என் டெஸ்க்டாப் விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. மாற்றுவதற்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை இப்படிப்பட்ட மெஷினில் ஃபயர்வால் இல்லாமல், யார் வேண்டுமானாலும் எழுதலாம் அழிக்கலாம் என்று ஃபோல்டரைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? வீட்டுக்கு வரும் உறவுக்காரப் பையன் தன் லேப்டாப்பை நம் வைஃபையில் போடுகிறான். அதில் ஒரு வைரஸ் இருந்தால் அவ்வளவுதான். என் கணக்கு மட்டும் போவதில்லை, பதினான்கு குடும்பங்களின் வரவு செலவு போகிறது. அவர்கள் பேங்க் ஸ்டேட்மென்ட்டை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள், அவர்களுடைய சொந்தக்காரர்களுக்குக்கூடக் காட்டாததை. அந்த ஒரு நாள் முழுவதும் ஃபயர்வால் அணைந்து கிடந்தது எனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தபோது கை நடுங்கியது உண்மை.

ரிப்பேர் வேலை செய்பவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு எட்டு வீடு ஏறி இறங்குகிறார்கள். ஆனால் சோதித்துப் பார்ப்பதற்காக ஃபயர்வாலை ஒரு நிமிடம் அணைத்தால், அதைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். என்ன மாற்றினோம் என்று வீட்டுக்காரருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் ஃப்யூஸைப் பிடுங்கி வைத்துவிட்டுப் போனால் சும்மா விடுவோமா?

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள், அந்த வாசகருக்கு உதவலாம். டெஸ்க்டாப் தூங்கப் போய்விட்டாலும் அடுத்தவருக்குக் காணாமல் போகும். பவர் செட்டிங்கில் ஸ்லீப் நேரத்தைப் பார்க்கட்டும். லேப்டாப் தவறுதலாக ரௌட்டரின் 'கெஸ்ட்' வைஃபையில் இணைந்திருந்தாலும் இதே கதைதான். அந்த வைஃபையில் இருப்பவர்கள் வீட்டின் மற்றக் கருவிகளைப் பார்க்க முடியாதபடிதான் வழக்கமாக வைத்திருப்பார்கள்.

ஐயா, எங்கள் தெருவில் மட்டும் வீட்டிலிருந்து கணக்கு எழுதுபவர்கள், டிடிபி செய்பவர்கள், டிசைன் போடுபவர்கள் என்று ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். தங்கள் நாளிதழில் வந்ததை வெட்டி மானிட்டரில் ஒட்டி வைப்பவர்கள் நாங்கள். அதனால் அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். எண் ஒத்துப்போகிறதா, நெட்வொர்க் பிரைவேட்டா, யூசருக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதா என்று இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வாசகர் ஏற்கெனவே நான்கையும் செய்து முடித்திருக்கக்கூடும். ஒவ்வொன்றையும் எங்கே போய்த் திரும்ப மாற்றுவது என்பதையும் படத்தோடு சேர்த்துப் போட்டால் நல்லது, முடிந்தால் வரும் ஞாயிறே.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் வாசகி,
ஈரோடு.