யூ ஹேட் பெட்டர்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மெயிலைப் பார்த்தேன். "யூ ஹேட் பெட்டர் செண்ட் த ரிப்போர்ட் டுடே" என்று சீனியருக்கு எழுதியிருக்கிறாய். அவர் "நோட்டட்" என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டாராம், கேன்டீனில் முகம் கொடுத்தே பேசவில்லையாம். என்ன தப்பு என்று கேட்கிறாய். இலக்கணத்தில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் உனக்குப் பிடிபடவில்லை.

"இன்றைக்கே அனுப்பினால் நல்லது" என்று மனதில் நினைத்து எழுதியிருப்பாய். தமிழில் அது பணிவான பேச்சு. குட், பெட்டர் என்று நமக்குத் தனித்தனிச் சொல் கிடையாது; "அதைவிட நல்லது" என்று "விட" போட்டுத்தான் ஒப்பிடுகிறோம். ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகங்களும் ஹேட் பெட்டருக்கு நேராக "செய்வது நல்லது" என்று போட்டுவிடும். பொருள் ஏறக்குறைய சரி, தொனி போச்சு.

பெட்டர் என்றால் எதைவிட பெட்டர்? அனுப்பாமல் இருப்பதைவிட. அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாமல், கேட்பவரிடமே விட்டுவிடுகிறது அந்தச் சொல். நம் ஊரில் "மரியாதையா குடுத்துடு" என்று சொல்வோமே, அதில் எவ்வளவு மரியாதை இருக்கிறதோ, உன் வாக்கியத்திலும் அவ்வளவுதான் பெட்டர் இருக்கிறது.

சிரிக்காதே, நானும் இதில் மாட்டியிருக்கிறேன். முதல் வேலையில் மேனேஜர் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்திருந்தார். அக்கறையாக, "சார், யூ ஹேட் பெட்டர் டேக் லீவ்" என்றேன். மனுஷன் நிமிர்ந்து பார்த்து, "ஏம்மா, என்னை வேலையை விட்டுத் தூக்கறாங்களா?" என்று கேட்டார். பக்கத்து சீட் வரைக்கும் சிரிப்பு.

இதே சொல் நம்மை நாமே சொல்லிக்கொள்ளும்போது சாது. "ஐ ஹேட் பெட்டர் கோ" என்றால் "சரி, நான் கிளம்பறேன்", அவ்வளவுதான். பஸ் போய்விடும் என்ற நிலையில் "வீ ஹேட் பெட்டர் ஹர்ரி" என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். யூ வந்து முன்னால் உட்கார்ந்தால்தான் வம்பு. அப்போதும் டாக்டர் நோயாளியிடம் சொல்லலாம், அம்மா பிள்ளையிடம் சொல்லலாம், நெருங்கிய சிநேகிதர்கள் சொல்லிக்கொள்ளலாம். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆனவன் சீனியரிடம் சொல்லக்கூடாது.

மற்றபடி, ஹேட் இருப்பதால் இறந்தகாலம் என்று நினைத்துவிடாதே, பேச்சு இப்போதைய விஷயம் பற்றியோ இனி நடக்க வேண்டியது பற்றியோதான். பின்னால் டு வராது. வேண்டாம் என்பதற்கு "ஹேட் பெட்டர் நாட்". பேச்சில் ஹேட் தேய்ந்து, "யூ பெட்டர்" என்றே காதில் விழும். மெயிலில் அப்படி எழுதி இன்னும் கெடுத்துக்கொள்ளாதே.

அவருக்கு நீ எழுதியிருக்க வேண்டியது "வுட் யூ ப்ளீஸ் செண்ட் த ரிப்போர்ட் டுடே?" என்பதுதான். கடைசியில் அந்தக் கேள்விக்குறி முக்கியம். மாட்டேன், நாளைக்குத் தருகிறேன் என்று சொல்ல அவருக்கும் ஓர் இடம் வேண்டாமா? திங்கட்கிழமை நேரில் போய், நினைத்ததைத் தமிழிலேயே சொல்லிவிடு. அவரும் நம்ம பக்கத்து ஆள்தானே.

அப்புறம், கடைவாய்ப் பல் வலியை இன்னும் கிராம்பு வைத்தே ஓட்டுகிறாயாம், அம்மா சொன்னாள். யூ ஹேட் பெட்டர் சீ எ டென்டிஸ்ட். நான் சொல்லலாம்.

அன்புடன்,
அக்கா