கமெராவுக்கு முன்னால் சறுக்குகிறவர்கள் பயந்தவர்களா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

குளிர்கால ஒலிம்பிக் முடிந்த கையோடு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பனிச்சறுக்குச் சாகசங்களைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். இந்த விளையாட்டுக்குத் தமிழில் அரைப்பக்கம் ஒதுக்கியதற்கே நன்றி சொல்லவேண்டும். ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது. திறமை இருந்தும் போட்டிக்கு வராமல் வீடியோ எடுத்துக்கொண்டு திரிகிறவர்கள் தோல்விக்குப் பயந்தவர்களாம். அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சுவிட்சர்லாந்தில், கிராபுண்டன் மாநிலத்து மலையடிவாரக் கடை ஒன்றின் பின்னறையில் ஸ்கீ என்னும் சறுக்குப் பலகைகளைத் திருத்துகிறவன். விளிம்பு தீட்டுவது, மெழுகு போடுவது, அடித்தட்டில் விழுந்த பள்ளத்தை உருக்கி அடைப்பது, சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங் பூட்டுவது என்று குளிர்காலம் முழுக்க இதே வேலை. எனக்கும் சறுக்கத் தெரியும் என்று சொன்னால் வீட்டில் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் ஒருவர் எங்கே, எப்படிச் சறுக்குகிறார் என்பதை அவர் கொண்டுவரும் பலகையைக் கவிழ்த்துப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு மெழுகுதான் பெரிய கவலை. அன்றைய பனியின் குளிருக்கு ஏற்ற மெழுகு இல்லாவிட்டால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் தாவலின் மறுகரைக்கு எட்டாமல் நடுவில் விழவேண்டியதுதான். தெருக் கம்பிகளில் சறுக்கிப் படம் எடுக்கிறவர்களின் பலகை வேறு மாதிரி. அடியில் சீமெந்தும் துருப்பிடித்த இரும்பும் கீறிய கோடுகள். பாதத்துக்கு நேர்கீழே விளிம்பு வெடித்து, சில இடங்களில் பிய்ந்துகொண்டு நிற்கும். "அந்த இடத்தைத் தீட்டவேண்டாம், மழுக்கிவிடுங்கோ" என்று கேட்பார்கள். அங்கே கூர் இருந்தால் படிக்கட்டுக் கம்பியில் மாட்டி ஆளைத் தூக்கி எறிந்துவிடும். இப்படி ஒரு பலகையைக் கொண்டுவருகிறவனைப் பயந்தவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் ஒரு பழைய கதை. 1990களின் பிற்பகுதியில் ஒலிம்பிக்கில் இருந்த ஃப்ரீஸ்டைல் (சாகசச் சறுக்கு) வகைகள் இரண்டே இரண்டு: 1992இல் பதக்க விளையாட்டான மோகல்ஸ், 1994இல் சேர்ந்த, காற்றில் கரணமடிக்கும் ஏரியல்ஸ். மோகல்ஸ் என்பது பனிமேடுகள் நிறைந்த சரிவில் கட்டுப்பாட்டோடு இறங்குவது, இடையில் இரண்டு தாவல். அந்தக் காலத்து விதிப்படி தாவலில் தலைகீழாகப் புரளக்கூடாது. கனடாவின் பிளாக்கோம் பனியாற்றில் கோடைப் பயிற்சிக்குப் போன சிலருக்கு இது அலுத்துவிட்டது. பயிற்றுநர் மைக் டக்ளஸ், இளையவர் ஜே.பி. ஓக்ளேர் முதலியோர்தான் அவர்கள். பின்பக்கமாகவும் இறங்கவேண்டும் என்றால் பலகையின் வாலும் மேலே வளைந்திருக்கவேண்டும் என்று யோசித்து, ஒரு திட்டத்தோடு தங்கள் தாவல்களின் வீடியோவையும் சேர்த்து ஸ்கீ செய்யும் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். சலமோன் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 1998இல் இரண்டு முனையும் வளைந்த பலகை கடைக்கு வந்தது. இன்று என் மேசைக்கு வரும் இளசுகளின் பலகைகளில் பாதிக்கு மேல் அந்த வம்சந்தான்.

அதாவது, நடுவர்களிடம் கிடைக்காத இடத்தை வீடியோவில் தேடியவர்கள்தான் இந்த விளையாட்டைத் தொடங்கிவைத்தார்கள். அவர்களுக்கென்று எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுத் தொடர் போன்ற போட்டிகள் விரைவிலேயே வந்தன, உண்மை. ஆனால் கம்பிகளும் தாவல்களும் வரிசையாக உள்ள தளத்தில் இறங்கும் ஸ்லோப்ஸ்டைலும், பாதிக் குழாய் போன்ற பனிப்பள்ளத்தில் பக்கத்துக்குப் பக்கம் தாவும் ஹாஃப்பைப்பும் ஒலிம்பிக்குக்குள் நுழைந்தது 2014 சோச்சியில். ஒரே பெரிய தாவலான பிக் ஏர் 2022 பெய்ஜிங்கில். அதற்குள் ஒரு தலைமுறையே படங்களைப் பார்த்து வளர்ந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆள் என்றால் அந்த வருடத்துப் படத்தின் கடைசிப் பகுதி, அதாவது சிறந்தவருக்கு ஒதுக்கும் பகுதி, யாருக்குக் கிடைத்ததோ அவர்தான். ஒலிம்பிக்தான் இவர்களிடம் பிந்தி வந்து சேர்ந்தது. வந்தவுடனே "ஏன் எங்களிடம் வரவில்லை?" என்று கேட்பது நல்ல கூத்து.

அடுத்தது நாட்காட்டி. உலகக் கிண்ணச் சுற்று இலையுதிர் காலத்தில் தொடங்கி மார்ச் வரை போகும். நல்ல பனி விழுவதும் அதே மாதங்களில்தான். இரவில் முழங்கால் அளவு புதுப்பனி கொட்டினாலும் போட்டிக்காரர் காலையில் பயிற்சித் தளத்துக்குப் போய் அதே மூன்று தாவலை, அதே கம்பிகளைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். படம் எடுக்கிறவர் மலைக்குப் போவார். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அலைந்து சேர்த்த துண்டுகளை வெட்டி ஒட்டினால் மூன்று நான்கு நிமிடம் தேறும். செப்டம்பர், ஒக்டோபரில் அது திரைக்கு வரும். ஒரே பருவத்தில் இரண்டையும் முழுதாகச் செய்ய ஆளுக்கு இரண்டு உடம்பு வேண்டும்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் படிக்கட்டில் ஒரு இரவு இப்படிப் படம் எடுத்தார்கள். வேலை முடிந்து வரும்போது நின்று பார்த்தேன். ஐந்தாறு பெடியன்கள். மண்வெட்டியால் பனியை அள்ளி மேலே ஓடுதளம், கீழே இறங்குமிடம் என்று கட்டிக்கொண்டிருந்தார்கள். பனி இறுகட்டும் என்று உப்புத் தூவினார்கள். ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருந்தது. ஓடிவர இடம் போதாததால் தடித்த ரப்பர் கயிறு ஒன்றை இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க, சறுக்குகிறவன் அதன் விசையில் பாய்ந்து கைப்பிடிக் கம்பியில் ஏறினான். விழுந்தான். இடுப்பைத் தடவிக்கொண்டு திரும்பவும் படியேறினான். கம்பி நடுவில் முழங்கை போல ஒரு வளைவு இருந்தது. அங்கேதான் ஒவ்வொரு தடவையும் வழுக்கியது. மேல்மாடி மனுசி ஒருத்தி சன்னலைத் திறந்து ஏசினாள்; வெளிச்சத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்தார்கள். கடைசியில் அழகாக இறங்கினான். நான் கைதட்டினேன். அவர்கள் கமெராவின் சின்னத் திரையைச் சுற்றிக் குனிந்து பார்த்துவிட்டு, "இல்லை, இடது கை தூக்கிக்கொண்டு நிற்குது" என்றார்கள். அவன் மறுபேச்சுப் பேசாமல் திரும்ப மேலே போனான்.

அந்த இறக்கத்துக்கு எந்தப் போட்டியிலும் புள்ளி கிடைத்திருக்கும். அவர்களுக்கு அது காணாது. தோல்விக்குப் பயந்தவன் செய்கிற வேலையா இது? இரவு முழுக்கத் தோற்பதுதான் அந்த வேலையே.

எங்கள் பக்கம் வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டப்போட்டி நடக்கும். பரிசு வாங்குகிற பட்டம் ஒன்று. விண் என்ற ஒலிநாரைக் கட்டி இரவிரவாகக் கூவவிட்டு, நூலை மரத்தில் கட்டிவிட்டுப் படுக்கிறவனின் பட்டம் வேறொன்று. இரண்டாமவன் போட்டிக்குப் பயந்தவன் என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை.

நடுவர்களைக் குறை சொல்லவில்லை. சில வினாடிகளுக்குள் முடிகிற ஒரு தாவலுக்கு நூறுக்கு இத்தனை என்று எண் போடவேண்டியவர்கள் அவர்கள். எண்ணக்கூடியது எது? சுற்று. மூன்று முழுச் சுற்றான 1080 பாகை, பிறகு 1440, 1620 என்று அது ஏறிக்கொண்டே போகிறது. கையால் பலகையைப் பிடித்த விதம், உடம்பு காற்றில் நின்ற நிதானம் எல்லாவற்றையும் அவர்களும் பார்க்கிறார்கள்தான். ஆனால் சுற்றுக் குறைந்தவரை மேலே வைக்க நெஞ்சுரம் வேண்டும். 2022இல் பெய்ஜிங் ஸ்லோப்ஸ்டைலில் அந்த நெஞ்சுரம் இருந்தது. தங்கம் வென்ற அமெரிக்கர் அலெக்ஸ் ஹோல் கடைசித் தாவலில் சுழன்றுகொண்டிருக்கும்போதே சுழற்சியை நிறுத்தி எதிர்ப்பக்கம் திருப்பி இறங்கினார். மற்றவர்கள் அதைவிடக் கூடச் சுற்றினார்கள். அவர் வருடந்தோறும் நண்பர்களோடு படமும் எடுக்கிறவர் என்பதை உங்கள் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். இங்கே சூரிச்சில் வளர்ந்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் பாரபட்சமும் உண்டு.

இரண்டு பக்கமும் போய்வந்தவர்கள் நிறைய. அமெரிக்கரான டொம் வாலிஷ் 2007இல் ஒரு படக்குழு புதுமுகங்களுக்கு வைத்த வீடியோப் போட்டியில் வென்றுதான் வெளியே தெரிந்தார். 2012இல் எக்ஸ் கேம்ஸ் தங்கம், 2013இல் உலகச் சம்பியன். காயத்தால் சோச்சி கைநழுவியது. திரும்பவும் படத்துக்குப் போனார். பிரான்ஸின் கான்டீட் தோவெக்ஸ் எக்ஸ் கேம்ஸும் வென்றார், 2007இல் முதுகெலும்பை முறித்துக்கொண்டார், எழுந்து வந்து 2010இல் இயற்கை மலைச்சரிவில் இறங்கும் ஃப்ரீரைட் உலகத் தொடரையும் வென்றார். வெல்ல இனி என்ன இருக்கிறது? பிறகு தலையில் கமெராவைக் கட்டிக்கொண்டு தன் சொந்த மலையில் இறங்கிய வீடியோக்களால்தான் பனியே காணாத நாட்டுக்காரருக்கும் அவர் முகம் தெரிந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை மறைத்தால் நியாயமில்லை. எல்லாரும் கொள்கைக்காகப் போட்டியை விடவில்லை. ஒலிம்பிக்கில் ஒரு பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் நாலு பேர். சுவிஸ், அமெரிக்கா, கனடா போன்ற இடங்களில் ஐந்தாவது ஆள் மற்றைய நாடுகளின் முதல் ஆளைவிடக் கெட்டிக்காரனாக இருப்பான், அவனுக்கு இடமில்லை. சிலருக்கு முழங்கால் போய்விடுகிறது. சிலருக்கு அதிகாலை உடற்பயிற்சியும் பயிற்றுநரின் அட்டவணையும் ஒத்துவராது. அப்படிப்பட்டவர்களை வேலைத்தலத்தில் நானும் கண்டிருக்கிறேன், சொன்ன நேரத்துக்குப் பலகையை எடுக்க வரமாட்டார்கள்.

காசும் கொட்டுவதில்லை. அனுசரணையாளர் தருவதில் வண்டிக்கு எண்ணெய் அடித்தால் மிச்சம் சொற்பம். வருடத்துக்கு ஒரு படம் என்ற வழக்கமே ஆட்டங்கண்டுவிட்டது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து லெவல் 1 படக்குழு இருபது வருடம் அப்படி எடுத்துவிட்டு 2019 படத்தோடு நிறுத்திக்கொண்டது. இப்போது கைத்தொலைபேசியில் ஒரு நிமிடத் துண்டுகள்தான் ஓடுகின்றன.

ஆபத்து குறைவு என்றும் நினைக்கவேண்டாம். போட்டித் தளத்தை ஆட்கள் பார்த்துச் சீராக்குகிறார்கள், மருத்துவர் ஓரத்தில் நிற்பார். காட்டு மலையில் பனிச்சரிவு எப்போது பெயரும் என்று யாருக்குத் தெரியும்? மேலே சொன்ன ஜே.பி. ஓக்ளேர், கனடாவின் சிற்றூர்த் தெருக்களிலும் வீட்டு முற்றங்களிலும் சறுக்கி 2011இல் ஒரு படத்தில் தோன்றியபோது உலகமே அதைப் பார்த்து மகிழ்ந்தது. 2014 செப்டம்பரில் தென்னமெரிக்காவின் பத்தகோனியாவில் பனிச்சரிவில் இறந்துபோனார். மறுபுறம், ஹாஃப்பைப்பை ஒலிம்பிக்கில் சேர்க்கவேண்டும் என்று போராடிய கனடாவின் சாரா பேர்க், அது சேர்க்கப்பட்ட பிறகு, 2012 ஜனவரியில் பயிற்சியில் விழுந்து இறந்தார். அன்றைய நிகழ்ச்சி கனடாவின் ஃப்ரீஸ்டைல் சறுக்குச் சங்கத்தின் கீழ் வராததால் காப்புறுதி இல்லை. குடும்பத்தின் ஆஸ்பத்திரிக் கணக்குக்குச் சனம் காசு சேர்த்தது. படம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் நிற்கும் இடம் அதுதான், எந்தச் சங்கத்தின் குடைக்கும் வெளியே. இங்கே பிள்ளைகளோடு இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு இதை மட்டும் சொல்லி வைக்கிறேன்: மகனோ மகளோ கமெராவோடு மலைக்குப் போகிறேன் என்றால் மறிக்காதீர்கள், ஆனால் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடி எடுக்கும் கருவி பையில் இருக்கிறதா, அதைப் பாவிக்கத் தெரியுமா என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்தக் கட்டுரைக்கு மேலே நாலு நிரல் அகலத்தில் ஒரு வண்ணப்படம் போட்டிருந்தீர்கள். நல்ல படம். அதில் இலக்கச் சட்டை இல்லை, விளம்பரப் பதாகை இல்லை, நடுவர் கூண்டு இல்லை. பனி போர்த்திய ஊசியிலை மரங்களுக்கு மேலே ஒருவன் தலைகீழாகப் பறக்கிறான். அது போட்டியில் எடுத்தது அல்ல. நீங்கள் பயந்தவர்கள் என்று எழுதிய ஆட்களில் ஒருவனைத்தான் பக்கத்தை அழகுபடுத்தப் போட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை படத்துக்குக் கீழே சறுக்கியவரின் பெயரையும் எடுத்தவரின் பெயரையும் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
கிராபுண்டன், சுவிட்சர்லாந்து.