டியூப் என் பேக்ல இருந்துச்சு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுறேன். போன்ல நீ அந்த மூணு நாள் ரேஸ் எப்படிப்பா இருந்துச்சுனு கேட்டப்போ நல்லா போச்சு, முடிச்சிட்டோம்னு மட்டும் சொன்னேன், பக்கத்துல அம்மா இருந்தாங்க, கடையில பஞ்சர் ஒட்ட ரெண்டு பேர் நின்னாங்க, அதுவும் இல்லாம அது போன்ல சொல்லி முடிக்கிற கதை இல்ல. நீயும் உன் ரூம் பிள்ளையும் சேர்ந்து அங்க நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் இருக்கிற ஒரு மூணு நாள் ட்ரையத்லானுக்கு பேர் குடுத்துட்டோம்னு சொன்னதுல இருந்து எனக்கு தூக்கம் சரியில்ல. பயத்துல இல்ல பாப்பா. நீ போறதுக்கு முன்னாடி உனக்கு ஒரு விஷயம் சொல்லியாகணும், அதான்.

முதல்ல ரேஸ் எப்படினு சொல்றேன். 11 டீம், ஒரு டீமுக்கு ரெண்டு பேர், நேரம் எடுக்கிறது பின்னால வாறவருக்குத்தான், ஒருத்தர் எவ்வளவு வேகமா போனாலும் பிரயோசனம் இல்ல. முதல் நாள் ராத்திரி நடத்துற பொடியன்மார் எங்கள உக்கார வச்சு கதைச்சாங்க. ஹவாய்ல 1983ல இருந்து அல்ட்ராமேன்னு ஒன்னு நடக்குதாம், மூணு நாள்ல 10 கிலோமீட்டர் நீச்சல், 421 கிலோமீட்டர் சைக்கிள், 84 கிலோமீட்டர் ஓட்டம், ஒவ்வொரு நாளும் 12 மணித்தியாலத்துக்குள்ள முடிக்கணும். எங்களுது அதுல பாதி கூட இல்ல. அப்புறம் ஸ்வீடன்ல 2002ல நாலு பேர் பந்தயம் கட்டி, ரெண்டு ரெண்டு பேரா பிரிஞ்சு தீவுக்கு தீவு நீந்தியும் ஓடியும் போன கதைய சொன்னாங்க, இன்னைக்கும் அந்த மாதிரி ரேஸ்ல ரெண்டு பேரும் இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு ஒருத்தர ஒருத்தர் இழுத்துட்டு போறது உண்டாம். அதக் கேட்டுட்டு என் ஜோடியா வந்த டீமேக்கர் மாமா என்ன பாத்து லேசா சிரிச்சாரு. அந்த சிரிப்பு மூணாம் நாள்தான் எனக்கு விளங்குச்சு.

முதல் நாள் காசல்ரி நீர்த்தேக்கத்துல 3 கிலோமீட்டர் நீச்சல். உனக்கு தெரியும், அப்பா நீச்சல் பழகினதே 45 வயசுலதான். தாத்தா பழைய மஸ்கெலியா டவுன்ல பொறந்தவரு, மவுசாக்கலை டேம் கட்டினப்போ அந்த டவுன் முழுசா தண்ணிக்குள்ள போச்சு, இப்பவும் வரட்சி நேரத்துல தண்ணி இறங்கினா பழைய கோவில் வெளிய தெரியும். அந்த கோவில் தெரியுற வருஷமெல்லாம் தாத்தா கரையில போய் பேசாம உக்காந்திருப்பாரு, எங்கள மட்டும் தண்ணியில கால் வைக்க விடமாட்டாரு. அதனால மாமா இல்லாட்டி எனக்கு நீச்சலே இல்ல. அன்னைக்கு விடிய சரியான பனி, மிதவை ஒன்னும் கண்ணுக்கு தெரியல, நான் மாமா கால் அடிக்கிற நுரைய மட்டும் பாத்துக்கிட்டு பின்னாலேயே போனேன். முன்னால போறவர் காலுக்கு நேர் பின்னால நீந்தினா தண்ணி நம்மள கொஞ்சம் இழுத்துட்டு போகும், சைக்கிள்ல காத்த மறைக்கிற மாதிரிதான். இருபது கை போட்டதும் மாமா நின்னு திரும்பி பாப்பாரு, நான் வந்துட்டேன்னு தெரிஞ்சதும் திரும்ப போவாரு. 3 கிலோமீட்டருக்கும் அப்படித்தான். அவர் தனியா போயிருந்தா எனக்கு ரொம்ப முன்னாலேயே கரை ஏறியிருப்பாரு.

அதுக்கப்புறம் டிக்கோயா, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயானு நுவரெலியா வரைக்கும் சைக்கிள். அது நான் தினமும் மிதிக்கிற ரோட்டு மாதிரி, அதுல சொல்ல ஒன்னும் இல்ல. ஒன்னு மட்டும் மறக்காத, மட்டமான ரோட்டுல கூட்டாளி பின் வீலுக்கு ஒட்டி போனா உன் பாடு நிறைய குறையும், ஆனா ஏத்தத்துல வேகம் இல்லாதப்போ அதுல லாபம் கிடைக்காது, அங்க அவங்கவங்க வேகத்துல ஏறி மேல போய் நின்னுக்கங்க.

இப்ப ரெண்டாம் நாள். இதத்தான் சொல்ல வந்தேன்.

நுவரெலியால இருந்து ஹக்கல, வெலிமடை வழியா பதுளைக்கு இறக்கம், அங்க இருந்து தெமோதர, எல்ல, பண்டாரவளைனு திரும்ப ஏறி ஹப்புத்தளை. 1,868 மீட்டர்ல இருந்து 700 மீட்டர் கிட்ட வரைக்கும் இறங்கி மறுபடி 1,400க்கு மேல ஏறணும். முதல் நாள் நாங்க ஏழாவதா வந்தோம், ஆறாவது டீம் எங்களுக்கு நாலு நிமிஷம்தான் முன்னால. எனக்கு அது தலைக்குள்ள ஏறிடுச்சு. ஹக்கல தாண்டினதும் இறக்கத்துல மாமா பிரேக்க புடிச்சுக்கிட்டே வந்தாரு, பனியில கண்ணாடி மங்கி அவருக்கு வளைவு தெரியல, மச்சான் கொஞ்சம் மெதுவானு ரெண்டு தடவ கூப்பிட்டாரு. எனக்கு கேட்டுச்சு பாப்பா. கேட்டும் நான் விட்டுட்டு போனேன். சைக்கிள் கடைக்காரன் நான், இறக்கம் எனக்கு பயமில்ல, கீழ போய் நிப்போம், அவர் பின்னால வருவாருனு மனசுல ஒரு கணக்கு.

வெலிமடை செக்பாயிண்ட்ல நின்னேன். பத்து நிமிஷம் கோவம். ஆறாவது டீம் போனது மட்டும் இல்ல, எட்டாவது, ஒன்பதாவது டீமும் எங்கள தாண்டி போச்சு. பதினஞ்சு நிமிஷம் ஆனப்போ கோவம் போய் வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு. அப்பதான் சீட்டுக்கு கீழ இருக்கிற பேக் ஞாபகம் வந்துச்சு. டியூப் ரெண்டும், பம்பும், டயர் கழட்டுற லீவரும் எல்லாம் என் பேக்லதான் இருந்துச்சு. நான்தானே பாஸ், நானே எல்லாம் தூக்குறேன், நீங்க சும்மா வாங்கனு காலைல அவர்கிட்ட பெருமையா சொல்லிட்டு நானே வாங்கி போட்டுக்கிட்டது.

திரும்பி மேல மிதிச்சேன். நாலு கிலோமீட்டர் ஏறியிருப்பேன், ஒரு வளைவுல மாமா சைக்கிள தள்ளிக்கிட்டு வந்தாரு. சைக்கிள் ஷூ ரெண்டையும் கழட்டி ஹேண்டில்ல தொங்க விட்டுட்டு வெறுங்கால்ல தார் ரோட்டுல நடந்து வாறாரு, ஷூவோட நடந்தா அடியில உள்ள கிளீட் தேஞ்சு பெடல்ல மாட்டாதுனு. காலு சிவந்து போய் இருந்துச்சு. என்ன பாத்ததும் ஒரு வார்த்த கோவமா சொல்லல, "வா மச்சான், டியூப் இருக்கா"னு கேட்டாரு. அவ்வளவுதான். திட்டியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

டயர கழட்டி பாத்தா எனக்கு இன்னும் ஒன்னு காத்திருந்துச்சு. அவருது பிரேக் கட்டை வீல் ரிம்மயே புடிக்கிற பழைய ரிம் பிரேக் சைக்கிள், நீள இறக்கத்துல புடிச்சுக்கிட்டே வந்தா ரிம் கை வைக்க ஏலாத அளவுக்கு சுடும். உள்ள ஸ்போக் ஓட்டைய மூடுற டேப் பிளாஸ்டிக், அது சூட்டுல இளகி ஒரு பக்கம் ஒதுங்கியிருந்துச்சு, தொறந்த ஓட்டையோட விளிம்பு டியூப அறுத்து விட்டிருக்கு, வால்வுக்கு ரெண்டு விரல் தள்ளி கீறல். அந்த டேப் போட்டது நான். என் கடையில, என் கையால. துணி டேப் முடிஞ்சு போச்சு, இதுவே போதும்னு நினைச்சு போட்டேன். வளைவுல வெடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னைக்கும் ராத்திரி படுத்தா அதுதான் வருது. புது டியூப் போட்டு காத்தடிக்கிற வரைக்கும் நான் தலை தூக்கல. கிழிஞ்ச டியூப நான் வீச போனப்போ மாமா வாங்கி மடிச்சு சட்டை பின் பாக்கெட்ல வச்சிக்கிட்டாரு.

அதுக்கப்புறம் ஹப்புத்தளை வரைக்கும் நான் அவருக்கு பின்னாலதான் மிதிச்சேன்.

மூணாம் நாள் ஓட்டம், ஹப்புத்தளை டவுன்ல இருந்து தம்பேதன்னை தேயிலை ஸ்டோர் வழியா மலை மேல இருக்கிற லிப்டன் சீட் போய் திரும்புறது, போக வர 34 கிலோமீட்டர் கிட்ட. 1890ல லிப்டன் கட்டின ஸ்டோர் அது. அது வரைக்கும் ஓடிட்டேன். அங்க இருந்து மலைக்குள்ள ஏறுற 7 கிலோமீட்டர் ரோட்டுல என் தொடை ரெண்டும் கல்லாகிடுச்சு. நடக்கவே ஏலல. மாமா ஒன்னும் கேக்கல, பின் பாக்கெட்ல இருந்து அந்த கிழிஞ்ச டியூப எடுத்தாரு, கீறின இடத்துலயே அறுத்து நீட்டி ஒரு முனைய தன் இடுப்புல கட்டினாரு, மத்த முனைய என் கையில குடுத்தாரு. "உடம்ப எங்கிட்ட குடு, கால மட்டும் எடுத்து வை"னு சொன்னாரு. டியூப் ரப்பர் பாரு, கயிறு மாதிரி வெடுக்குனு இழுக்காது, மெதுவா இழுத்து மெதுவா விடும். மேல மலையில கொழுந்து எடுத்துட்டிருந்த அக்கா ஒருத்தங்க எங்க நிலைய பாத்து போத்தல்ல இருந்து பிளேன்டீ ஊத்தி குடுத்து, உள்ளங்கையில சீனி கொட்டினாங்க, ரெண்டு பேரும் நக்கி நக்கி குடிச்சோம். அந்த நேரம் எனக்கு கண்ணுல தண்ணி வந்துச்சு, மாமா பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டாரு. லிப்டன் சீட்டுல ஒரே மூட்டம், ஒன்னும் தெரியல. எங்களுக்கு பாக்கவும் ஒன்னும் வேண்டியிருக்கல.

ஒன்பதாவதா முடிச்சோம்.

சாப்பாட்ட பத்தி சுருக்கமா, அம்மா எழுத சொன்னாங்க. வெறும் தண்ணியையே மடமடனு குடிக்காத, வேர்வையில உப்பு போய்க்கிட்டே இருக்கும், தண்ணி மட்டும் உள்ள போனா ரத்தத்துல உப்பு குறைஞ்சு தலை சுத்தி மயக்கம் கூட வரும். நாங்க தண்ணியில கரைச்சு குடிக்கிற ஜீவனி உப்புத்தூள் பக்கெட் கொண்டு போனோம், கூட தேங்கா ரொட்டி சின்ன சின்னதா வெட்டி கட்டசம்பல் தடவி. அங்க என்ன கிடைக்குதோ அத ரேஸ் அன்னைக்கு புதுசா சாப்பிடாம இப்பவே ட்ரெயினிங்ல சாப்பிட்டு பழகு.

மாமா இன்னைக்கு வரைக்கும் வெலிமடைய பத்தி வாய திறக்கல. நானும் மன்னிப்பு கேக்கல, நாப்பது வருஷ பழக்கத்துல அவர்கிட்ட அந்த வார்த்தைய நான் சொன்னதே இல்ல, எப்படி ஆரம்பிக்கிறதுனு தெரியல. அவர் சைக்கிள் ரெண்டு வீலும் இப்ப என் முன்னால மேசையில கிடக்கு. பழைய டேப்ப உரிச்சிட்டு, ரிம்ம ஸ்பிரிட் போட்டு துடைச்சிட்டு, கொழும்புல இருந்து எடுத்த துணி டேப் ஒட்டிக்கிட்டு இருக்கேன். காசு வேணாம்னா கோவிப்பாரு, ஆனா இந்த தடவ வாங்க மாட்டேன். அவருக்குனு தனி பேக் ஒன்னு, உள்ள ரெண்டு டியூப், ஒரு பம்ப், லீவர் மூணு, எல்லாம் கட்டி வச்சிட்டேன். வீல் வாங்க வாறப்போ கேட்டுடலாம்னு இருக்கேன்.

உன் கூட்டாளி சைக்கிள் ரிம் பிரேக்கா டிஸ்க்கானு கேட்டு எழுது. ரிம் பிரேக்னா டயர கழட்டி உள்ள டேப்ப ஒரு போட்டோ புடிச்சு எனக்கு அனுப்ப சொல்லு, இன்னைக்கு ராத்திரியே அனுப்பினாலும் அப்பா பாப்பேன்.

அன்புடன்
அப்பா