காலை 7 மணிக்கு பள்ளிக்கூடத்தை திறக்கிற அக்காவுக்கு வேலைன்னு ஒண்ணு எழுதிக் கொடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்துல இருக்கேன், நடவு, களை எடுப்புன்னு கூலி வேலைக்குப் போறவ, என் பொண்ணு ஊர்ல இருக்கிற யூனியன் ஸ்கூல்ல ரெண்டாவது படிக்கிறா. காலை உணவுத் திட்டத்தை 2023 ஆகஸ்ட் 25ல எங்க பக்கத்து திருக்குவளைலதான் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் விரிவாக்கி ஆரம்பிச்சு வச்சாங்க. அதுலேருந்து வெறும் வயித்தோட பிள்ளைய அனுப்புறோமேங்கிற கவலை எங்களுக்கு விட்டுச்சு, அதை மனசார சொல்றேன்.

ஆனா ஒண்ணு இருக்கு. நடவு சமயத்துல நாங்க வெள்ளன வயலுக்குப் போயிடுவோம், பிள்ளைங்க ஏழரைக்கெல்லாம் ஸ்கூலுக்கு வந்துடும், டீச்சருங்க ஒன்பது மணியை ஒட்டித்தான் வருவாங்க. நடுவுல இந்த ஒன்றரை மணி நேரம் பிள்ளைங்கள பாத்துக்கிறது யாரு? மகளிர் சுய உதவிக் குழுவுலேருந்து வந்து காலைச் சாப்பாடு சமைக்கிற ரெண்டு பேரும் அடுப்பை விட்டு நகர முடியாது, அதுக்கு மேல போன் ஆப்புல சரியான நேரத்துக்கு பதிவும் பண்ணணும். மிச்சம் கூட்டிப் பெருக்க வர்ற அக்காதான். கேட்டு திறக்கிறது, டம்ளர் கழுவறது, அழற பிள்ளைய தூக்கி வச்சிக்கிறது எல்லாம் அவங்கதான். எழுதிக் கொடுத்த வேலைன்னு பாத்தா பெருக்கறதும் கக்கூஸ் கழுவறதும் மட்டும்தான், சம்பளமும் பகுதி நேரத்துக்குத்தான், அதுவும் மாசாமாசம் வராது.

போன ஐப்பசில ஒரு புதன்கிழமை. எம்பொண்ணு பொங்கல் தட்டை முன்னாடி வச்சிக்கிட்டு தொடாமயே உக்காந்திருக்கா. அந்த அக்கா என்னடின்னு நெத்தில கைய வச்சுப் பாத்தா அனலா கொதிக்குது. நாலு தடவை எனக்கு போன் அடிச்சிருக்காங்க, நான் சேத்துல நாத்து பறிச்சிட்டு இருந்தேன், போன் வரப்புல சோத்துப் பையில கிடந்துச்சு. மழைத் தூறல்ல பிள்ளைய இடுப்புல தூக்கி முந்தானைய தலைல போட்டு மூடி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்தே போயிருக்காங்க. நான் ஓடிப் போய்ப் பாக்குறப்ப பிள்ளை அவங்க மடில தூங்கிட்டு இருக்கு. அன்னிக்கு ஸ்கூல் பெருக்க லேட்டாயிடுச்சுன்னு அவங்களுக்கு திட்டு விழுந்துச்சு சார். இதை இன்னி வரைக்கும் என்னால ஜீரணிக்க முடியல.

கஜா புயல் 2018 நவம்பர் 16ல அடிச்சப்பவும் நாங்க எல்லாரும் இதே ஸ்கூல்லதான் கிடந்தோம். அடுப்பு மூட்டி கஞ்சி காய்ச்சினது சத்துணவு அக்காங்க, அவங்க வீட்டுக் கூரையும் பறந்துதான் போயிருந்துச்சு. அப்புறம் இல்லம் தேடி கல்வி வந்துச்சு, சாயங்கால வகுப்பு ஸ்கூல் வராண்டாலதான் நடந்துச்சு, ஏழு மணிக்கு கேட்டு பூட்டினதும் அதே பெருக்குற அக்காதான்.

பயமும் இருக்கு. 2004 ஜூலை 16 கும்பகோணத்துல 94 பிள்ளைங்கள பறிகொடுத்த மண்ணு இது, அந்தத் தீ சத்துணவு அடுப்படிலேருந்துதான் கூரைக்குப் பரவுச்சு. இப்ப கேஸ் அடுப்பு, கான்கிரீட் கட்டடம்னு மாறியிருக்கலாம், ஆனா அடுப்பு எரியிற காம்பவுண்டுக்குள்ள பிள்ளைங்க நிக்கிறப்ப, அவங்கள மட்டுமே கண்ணுல வச்சுப் பாத்துக்க ஒரு ஆள் வேண்டாமா?

அதனால பள்ளிக்கு ஒரு முழு நேர ஆயா போடணும், காலை ஏழு மணிலேருந்து கணக்கு வச்சு மாசச் சம்பளம் கொடுக்கணும். புதுசா ஆள் தேட வேண்டாம், வருஷக்கணக்கா இந்த வேலைய செய்றவங்களுக்கே கொடுங்க. காலைச் சமையல்ல இருக்கிறவங்களோட பிள்ளை அஞ்சாவது முடிச்சு வெளிய போனா அவங்களும் போகணும்கிற விதியையும் மாத்தணும், கை பழகி எந்தப் பிள்ளைக்கு என்ன ஒத்துக்காதுன்னு தெரிஞ்சு வச்சிருக்கிறவங்கள ஏன் அனுப்புறீங்க?

பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல ரெண்டு தடவை சொல்லிட்டேன், தீர்மானம் எழுதி மேல அனுப்பினதா சொன்னாங்க, பதிலே இல்ல. மேட்டூர் தண்ணி வந்து குறுவை நடவு ஆரம்பிச்சா நாங்க மறுபடி வெள்ளன கிளம்பணும். ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள இதுக்கு ஒரு ஆர்டர் போடச் சொல்லி உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பள்ளிப் பிள்ளையோட அம்மா,
திருத்துறைப்பூண்டி வட்டம்