ரெண்டும் 'சிக்கலானது'தானா? நம்ம மாவட்டத்து இங்கிலீஷ் வாத்தியாருங்களுக்கு ஒரு திறந்த மடல்

சார்மாரே, டீச்சர்மாரே, வணக்கம்.

எம்மவ பத்தாங்கிளாஸ். போன வாரம் நோட்டைக் கொண்டாந்து காட்டுதா, காம்ப்ளக்ஸ்னா சிக்கலானது, அடுத்த வரியில காம்ப்ளிகேட்டட்னாலும் சிக்கலானது. "அப்ப எதுக்குப்பா ரெண்டு வார்த்தை"ன்னு கேக்கா. எனக்குச் சட்டுன்னு சொல்ல வரல, டிக்‌ஷனரியைப் புரட்டுனா ரெண்டும் லத்தீன் சரக்கு, ரெண்டும் இங்கிலீஷ்ல பொழங்க ஆரம்பிச்சது 17-ஆம் நூற்றாண்டு வாக்குல, ஆனா காம்ப்ளிகேட்டட் வந்தது 'ப்ளிகாரே'ல இருந்து, மடிக்கது, காம்ப்ளக்ஸ் வந்தது 'ப்ளெக்தெரே'ல இருந்து, பின்னுதது. (இன்னும் தோண்டுனா ரெண்டும் ஒரே ஆதி வேருல போய் முட்டுதுன்னு சொல்லுதாவ, பங்காளிக தானே, இருக்கட்டும்.)

சொன்னா புரியாதுன்னு ஞாயித்துக்கிழமை கோரைப்பாய் நெய்யுத பத்தமடைக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு அக்கா தறியில பாவு நூலுக்குள்ள கோரையை ஒண்ணொண்ணா விட்டுட்டு இருந்தாவ. முடிஞ்ச பட்டுப்பாய் ஒண்ணைத் துணி மாதிரி நாலா மடிச்சு இவ கையில குடுத்தாவ, இவ விரிச்சா, பாய் பாயாத்தான் இருக்கு. அது காம்ப்ளிகேட்டட். அப்புறம் இவ சும்மா இருக்காம தறியில கெடந்ததுல ஒரு கோரையை உருவப் பாத்தா, கையில லேசா ஒரு அடி, "ஏ புள்ள, உருவிட்டா அப்புறம் வெறும் புல்லுதான்"ன்னாவ. அதுதான் காம்ப்ளக்ஸ்!

பேச்சுல வெள்ளக்காரனே ரெண்டையும் மாத்தி மாத்தித்தான் சொல்லுதான், அது வேற. ஆனா நீங்க சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளக்ஸ்னு வாக்கியம் நடத்துதீயல்லா, 'பட்' வந்தா காம்பவுண்ட், 'தோ' வந்தா காம்ப்ளக்ஸ்னு பார்முலாவா மனப்பாடம் பண்ண வைக்கீய, அங்க இதைச் சொன்னா என்ன? "மழை பேஞ்சுது, ஆனா மேட்ச் நடந்துச்சு", ரெண்டாப் பிச்சாலும் ரெண்டும் நிக்கும். "மழை பேஞ்சாலும் மேட்ச் நடந்துச்சு", இதுல "மழை பேஞ்சாலும்"ஐ மட்டும் உருவி வச்சா நிக்குமா? கணக்கு சார்கிட்டயும் கேளுங்க, ஜெர்மன் கணக்கு மேதை காஸ் 1831-ல காம்ப்ளக்ஸ் நம்பர்னு பேரு வச்சதும் மெய்யும் கற்பனையும் சேந்த எண்ணுக்குத்தான், கஷ்டமான கணக்குங்கதுக்காக இல்ல. நம்ம பிள்ளைகளுக்கோ காம்ப்ளக்ஸ்னா துணிக்கடை இருக்க மூணு மாடி பில்டிங்கு, இல்லன்னா டாக்டர் எழுதுத பி காம்ப்ளக்ஸ் மாத்திரை.

எம்மவ இப்ப நோட்டுல 'சிக்கலானது'ன்னு இருந்ததை அடிச்சிட்டு 'பின்னிக் கெடக்குதது'ன்னு எழுதி வச்சிருக்கா. திருத்தும்போது அதைச் செவப்பு மையில சுழிச்சிராதீய.

இப்படிக்கு,
பத்தாங்கிளாஸ் புள்ளையோட அப்பா