நன்றியிலிருந்து தொடங்கச் சொன்னார்கள்

அன்புள்ள எல்லோருக்கும்,

கடந்த 2025 பிப்ரவரியில் அத்தை (என் மாமியார்) குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்களைத் தாங்கியவர்கள் நிறையப் பேர். அவர்களில் சிலரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால்தான் இந்தப் பொது மடல்.

முதல் நன்றி, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத் தியானம் கொடுத்த இயேசு சபை அருள்தந்தைக்கு. "செபிக்க நேரமே இல்லை ஃபாதர்" என்று புலம்பியவளிடம், தூங்கும் முன் ஆன்ம சோதனை மட்டும் செய்யச் சொன்னீர்கள். குருவிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் பாவங்களை எண்ணிப் பார்ப்பது என்றுதான் மறைக்கல்வி வகுப்பிலிருந்தே எனக்கு அது பழக்கம். ஆனால் உங்கள் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் அதற்கு வகுத்த ஐந்து படிகளில் முதல் படியே பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வதாம். எழுந்த நேரம் தொடங்கி அன்றைய நாளை மணி மணியாகத் திரும்பிப் பார்ப்பது மூன்றாவது படி. படிப்பில் இருந்த இளம் துறவிகளுக்குச் செப நேரத்தைக் குறைத்தவர், தினம் இருமுறை ஆன்ம சோதனை செய்வதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை என்றீர்கள். ஐந்தாவது படிக்குப் போவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது ஃபாதர், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சமையல், மாத்திரை, ரயில், அலுவலகம் என்று ஓடும்போது கடவுள் எங்கே இருந்தார் என்று தெரியவில்லை. இரவில் திரும்பிப் பார்த்தால் மணிக்கு ஒருவராக நீங்கள் வந்து நிற்கிறீர்கள்.

மாடி வீட்டு அக்கா, அந்த வருடம் ரமலானும் தவக்காலமும் மார்ச் முதல் வாரத்தில் சேர்ந்தே வந்தன. விடியும் முன் சஹர் உணவை முடித்துவிட்டு, சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்த நீங்கள், நான் அலுவலகத்தில் இருந்த மதியங்களில் அத்தைக்குச் சோறு பிசைந்து ஊட்டினீர்கள். சாயங்காலம் பள்ளிவாசலில் ஊற்றும் நோன்புக் கஞ்சியில் அத்தைக்கும் ஒரு பங்கு வந்துவிடும். பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்தக் கஞ்சிதான் அவருக்கு முதலில் வாய்க்குப் பிடித்த சாப்பாடு. என் சமையலைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. நான் பசியோடு செபிக்க முயன்ற நாட்களில், நீங்கள் பசியோடு இன்னொருவரின் பசியைத் தீர்த்துக்கொண்டிருந்தீர்கள். அத்தை உங்களுக்காகத் தினமும் ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொல்கிறார்.

தாம்பரம் – கடற்கரை வண்டியின் மகளிர் பெட்டியில் என் தலை சாயத் தோளைக் கொடுத்து, "நுங்கம்பாக்கம் வந்தாச்சும்மா" என்று தட்டி எழுப்பிய அம்மாவுக்கு நன்றி. பிசியோதெரபி முடியும்வரை வாசலில் நின்று, வெயிட்டிங் காசு கேட்காத ஆட்டோ அண்ணனுக்கும், இரவுப் பணியில் அத்தையின் பழங்கதைகளை முழுதாகக் கேட்ட செவிலியர் தங்கைக்கும் நன்றி.

அத்தை இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். ஞாயிறு திருப்பலிக்கு வந்தே தீருவேன் என்று பிடிவாதம். கோயிலில் பார்த்தால் பேச்சுக் கொடுங்கள், கஞ்சிக் கதையை அவரே சொல்வார். கொஞ்சம் நேரம் எடுக்கும்.

நன்றியுடன்,
மருமகள்