எந்த மறுபதிப்பை வாங்குவது?

ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பாடகி லிண்டா பெர்ஹாக்ஸ் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்று. ஆனால் அவரது 'பேரலலோகிராம்ஸ்' ஆல்பத்தின் எந்தப் பதிப்பை வாங்குவது என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

1970இல் வந்த இசைத்தட்டில், மேல்ஸ்தாயியும் கீழ்ஸ்தாயியும் வெட்டுப்பட்டு ஒலி மங்கிக் கிடந்தது. பாடியவருக்கே பிடிக்கவில்லை. 1998இல் வந்த முதல் சிடி அந்தத் தட்டிலிருந்தே எடுத்தது. தட்டின் 'டிக், டிக்' சத்தத்தை வடிகட்டினால் கிடார் கம்பியின் மினுக்கமும் சேர்ந்து போய்விடும். தட்டின் மையத்தை ஒட்டிய உள்வட்டப் பாடல்களில் 'ஸ' ஒலி கரகரக்கும். பின்னர் பெர்ஹாக்ஸே வைத்திருந்த ஒலிநாடாவிலிருந்து எடுத்த பதிப்புதான் வாங்கத்தக்கது. தலைப்புப் பாடலின் நடுவில் குரல்கள் கரைந்து வெறும் ஒலிகளாகும் இடத்தைப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

உறையில் 'இஃப் யூ வேர் மை மேன்' முதலான கூடுதல் பாடல்கள் இருந்தால், அது 1998க்குப் பிந்தையது. '180 கிராம்' என்ற ஒட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம்; அது தட்டின் எடை, அவ்வளவே. எந்த நாடாவிலிருந்து எடுத்தார்கள் என்று அது சொல்லாது.

வாசகர்,
திருச்சி